கரண்ட் போன வாரம்

2023 நவம்பர், மூன்றாம் வெள்ளிக்கிழமை. ஸ்வீடனின் வடக்கே உமேயோ நகரில் வெளியே மைனஸ் பதினொன்று. ஹோக்கன் வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியின் ஒரு முனையில் முப்பத்தொன்று.

மறுமுனையில் இருபத்துநாலு. பாம்புக்கு இரண்டும் வேண்டும். குளிர்ந்தால் சூட்டுக்குப் போகும், போதுமென்றால் திரும்பி வரும்.

வெப்பமானியின் முனையை முதலில் பெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். பாம்பு சுவரிலா படுக்கப்போகிறது என்று தோன்றியதும் பிடுங்கி, மரப்பட்டைக்கு அடியில் தரையோடு தரையாக ஒட்டினார். விளக்கைச் சுற்றிக் கம்பிக் கூண்டு மாட்டினார். இல்லையென்றால் பாம்பு அதில் சுற்றிக்கொள்ளும். வயிறு வெந்தாலும் விலகத் தெரியாது.

மரச்சீவலைக் கொட்டி உள்ளங்கையால் நிரவினார்.

மகள் டூவா வருகிறாள். ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு: பிரிந்தவர்களின் பிள்ளைகள் இங்கே அப்படித்தான் வளர்கிறார்கள். டூவாவும் அப்படித்தான் வளர்ந்தாள், மார்ச் வரை. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். கோடையில் புதுப் பாம்பு வாங்கினாள். அதை விட்டுவிட்டும் வர மாட்டேன், எடுத்துக்கொண்டும் வர மாட்டேன் என்றாள்.

இன்று பெட்டியைப் பார்ப்பாள். சரியாக இருந்தால் பாம்பு தங்கும். பாம்பு தங்கினால் அவளும் தங்குவாள்.

மார்ச்சில் பனிச்சறுக்கு விடுமுறைக்கு இருவரும் மலைக்குப் போயிருந்தார்கள். வீட்டுச் சூட்டைக் குறைத்துவைத்துவிட்டுத்தான் போனார்கள். பெட்டிக்குத் தனியாக விளக்கு இருந்தது. பசியோடு கிடக்கக் கூடாதே என்று டூவா பழைய பாம்புக்கு ஒரு எலி கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பியபோது பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. சூடில்லாமல் எலி செரிக்காது. வயிற்றுக்குள்ளேயே அழுகும்.

"கரண்ட் போயிருக்கும்" என்றார் ஹோக்கன்.

டூவா எதுவும் கேட்கவில்லை. மண் உறைந்திருந்ததால் புதைக்க வழியில்லை. பாம்பைப் பையில் சுற்றி அவளே கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தாள். மே மாதம் பனி உருகியபின் ஒரு பிர்ச் மரத்தடியில் புதைத்தார்கள்.

இப்போது பெட்டியின் பக்கத்தில் ஒரு பேட்டரி நிற்கிறது. கரண்ட் போனால் விளக்கைத் தானாக எரியவைக்கும். மாடிக்குத் தூக்கிவரக் கைகொடுத்த பக்கத்து வீட்டு பெங்க்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன கனம்ப்பா! ஏன் ஹோக்கன், நம்ம ஊர்ல எப்பய்யா கரண்ட் போச்சு?"

"ஒருவேளை போனா?"

"போனா பாம்போட சேத்து எனக்கும் ஒரு மூலை ஒதுக்கு. என் வீட்டுக்காரி இந்தக் குளிர்லயும் ஜன்னலத் திறந்துவெச்சுத்தான் தூங்குவா."

ஹோக்கன் சிரித்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

கீழே கார் வந்து நின்றது. ஹோக்கன் கோட்டையும் காலணியையும் மாட்டினார். கதவை நோக்கித் திரும்பும்போதே கை தானாக மேசை விளக்கின் பிளக்கை உருவிவிட்டது. வாசலைத் தாண்டுமுன் பிளக்குகளை உருவாத மனிதர் இந்தத் தெருவில் கிடையாது. ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும்தான் விட்டுவைப்பார்கள். அவருக்கு அது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம்.

பெட்டியின் பிளக் அதற்கு அடுத்த துளையில் இருந்தது. கையைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டூவா பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு, கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக் கொண்டுவந்தாள். அவளுடைய பையை அவர் தூக்கிக்கொண்டார். ஒரு வாரத்துக்கான பைதான்.

பெட்டிக்குள் கையை விட்டு இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தாள். மரப்பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடிப் பூட்டை ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஹோக்கனால் முடியவில்லை.

"இத பாரு. பேட்டரி. இனிமே கரண்ட் போனாலும் அணையாது."

டூவா பேட்டரியைப் பார்த்தாள்.

"நான் அவன ஃப்ரீசர்ல வெக்கும்போது ஐஸ்கிரீம் எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சுப்பா."

கோபமில்லாமல் சொன்னாள். ஏதோ வழி சொல்வதுபோல.

ஹோக்கன் தரையைப் பார்த்தார். அவருடைய காலுறையில் ஒரு மரச்சீவல் ஒட்டியிருந்தது. குனிந்து அதை எடுத்தார். எடுத்தபின் நிமிரவில்லை.

அவள் தலையணை உறையை அவிழ்த்தாள். பாம்பு மெல்ல வழிந்து இறங்கி, மரப்பட்டைக்கு அடியில் போய்ச் சுருண்டது.

பிறகு டூவா முழங்காலிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்தாள். அம்மா வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பல்லால் கடித்துக் கடித்து, பெட்டியின் பிளக்கைச் சுவரோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள்.

அந்த வாரம் பாம்பு அங்கே தங்கியது. டூவாவும் தங்கினாள்.

டேப் இன்னும் சுவரில் இருக்கிறது.