வேப்பிலை வாசம்

வைகாசி மழையில் மண் சரிந்து கொல்லிமலைப் பாதை அடைபட்டது. ஆஸ்பத்திரிக்கு அரிசி லாரி வரவில்லை, டியூட்டி மாற்ற ஆளும் வரவில்லை. சிக்கிக்கொண்ட ஒன்பது ஊழியர்களுக்கும் மூன்று நாளாகத் தன் வீட்டுச் சாமையைச் சோறாக்கிப் போட்டது துப்புரவு வேலை பார்க்கும் கண்ணாயிதான்.

"சோத்துல ஒரே வேப்பிலை வாசம்க்கா," என்று முகம் சுளித்தாள் நர்ஸ் கோகிலவாணி.

"நாலு தண்ணி கழுவியும் போகல கண்ணு. பசிக்குச் சாப்பிடு."

மழை விட்டு, ஊரே சாமை விதைக்கக் கிளம்பியிருந்த நான்காம் நாள் லாரி வந்தது. ஊழியர்கள் சேர்ந்து கண்ணாயிக்கென்று ஒரு மூட்டை பொன்னி அரிசி வரவழைத்திருந்தார்கள்.

"உங்க சாமைக்குப் பதிலா எங்க அரிசி. சரியாப் போச்சாக்கா?" என்றாள் கோகிலவாணி.

கண்ணாயி மூட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல அரிசிதான் கண்ணு. ஆனா விதைச்சா முளைக்காதே."

கோகிலவாணிக்கு அப்போதுதான் உறைத்தது. விதைக்கென்று எடுத்து வைக்கும் தானியத்தில்தான் பூச்சி அண்டாமல் வேப்பிலை போட்டு வைப்பார்கள்.

அவளிடம், "வார்டுல கூப்பிடறாங்க, போ சாமி," என்று சொல்லிவிட்டு, கண்ணாயி துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.