மூடிக்குள் நீராவி

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். மாமல்லபுரத்துக் கடலோர ஆய்வுக்கூடத்தில் பிரபாவதிக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சமிருந்தது. நட்சத்திரங்கள் பிறக்கும் மேகத்தில் நீராவி இருப்பதை ரேடியோ அலையில் பிடித்துக் காட்டாவிட்டால், மறுநாள் அவளுடைய டிஷ் ஆன்டெனாவைக் கழற்றிவிடுவார்கள். மத்தியானம் திரையில் நீராவியைக் காட்டும் கோடு ஒன்று எழும்பியது.

வழக்கப்படி ஆன்டெனாவை வெற்று வானத்தின் பக்கம் திருப்பினார்கள். மேகத்திலிருந்து வருவதென்றால் அங்கே கோடு மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. அலை நுழையும் வாயைச் சாப்பாட்டுத் தட்டளவு அலுமினிய மூடியால் அடைத்தார்கள். அப்போதும் கோடு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம், யாரோ மூச்சு வுட்டுகினு கீற மாரி கீது!" ஆபரேட்டர் தீனதயாளன் சிரித்துக்கொண்டே வெளியே போய் ஆன்டெனா ஏணியில் ஏறினான். மூடியைத் திறந்ததும் கோடு படுத்துவிட்டது.

"உள்ள ஒண்ணுமே இல்ல மேடம்!" என்று மேலிருந்து கத்தினான்.

அவளுக்கு அந்தக் கோடு வேண்டும்.

"மூடிடுங்க தீனா," என்றாள்.

மூடி பொருந்தும் சத்தம் கேட்டது. கோடு திரும்பி வந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடும் வந்தது. அது, ஏணி ஏறியவனுக்கு மூச்சு வாங்குவதுபோல வேகவேகமாக ஏறி இறங்கியது.

பிரபாவதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏணியில் யாரும் இல்லை.