பத்துக்கு எத்தனை?

“உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை போடலாம்?”

டாக்டர் கீர்த்திகா கேட்டதும் சோணைமுத்து பல்லைக் கடித்தான். “எட்டும்மா.”

நர்ஸ் மருந்து ஏற்றினாள். திரைக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன் ராக்கப்பனின் கட்டில்.

“உங்களுக்கு?”

“ஒண்ணுதாம்மா!” கணீரென்று வந்தது பதில்.

சோணைமுத்துவின் கட்டிலருகே நின்ற வேலுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயில்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்து, ஈரலில் பாதியை அறுத்துக் கொடுத்த அவள் புருசன் மூன்று நாளாகத் துடிக்கிறான். வாங்கிக்கொண்ட அண்ணன்காரரோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி படுத்திருக்கிறார்.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு விரலைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்பது விரலோடு போர்மேன் ஆனவர் அவர். நல்ல மருந்துக்கு ஆளைப் பிடிக்கவா தெரியாது?

வெளியே வந்த டாக்டரை மறித்தாள்.

“ஆளுக்கொரு ஊசியாமே டாக்டரம்மா?”

“ஆமாம்மா. வலி மரத்துப்போக முதுகுல போடுற ஊசி ஒண்ணு, வயித்துல போடுறது ஒண்ணு. எது நல்லாக் கேக்குதுன்னு பாக்குறோம். யாருக்கு எதுங்கிறது ஒட்டின கவருக்குள்ள இருக்கும். கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரிதான். ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“சாமி முன்னாடி கட்டுனா சரி. இங்கன கட்டுனது யாரு? எம் புருசனுக்கு முது...”

“ஐயோ, அதை எங்கிட்ட சொல்லக் கூடாதும்மா! வலி எத்தனைன்னு எழுதுற எனக்கு அது தெரியவே கூடாது.”

தெரியக் கூடாதாம்ல! வேலுத்தாயின் சந்தேகம் இரண்டு மடங்கானது.

புருசனிடம் வந்து குசுகுசுத்தாள். “ஒங்க அண்ணனுக்கு ஒசந்த ஊசி. ஒங்களுக்குக் கழிச்சுப் போட்டது.”

“சும்மா கெட புள்ள. அண்ணனுக்கு வலி இல்லேல்ல? அப்ப நான் குடுத்த ஈரல் சேந்துருச்சு.” அந்த வலியிலும் சோணைமுத்து சிரித்தான்.

சாயங்காலம் சோணைமுத்து கண்ணசந்திருந்தபோது டாக்டர் மறுபடி வந்தார். “ஒண்ணுதாம்மா!” என்றது அந்தப் பக்கம்.

வேலுத்தாய் திரை இடுக்கில் கண்ணை வைத்தாள். டாக்டர் தாளில் எழுதியது ஒன்பது! அடுத்த நிமிஷமே நர்ஸ் மருந்து ஏற்றினாள்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். “ஒண்ணுன்னு சொன்னவுகளுக்கு ஒம்பதுன்னு எழுதி மருந்து ஏத்துறீகளே, இது எந்த ஊரு நியாயம்...”

டாக்டர் உதட்டில் விரலை வைத்து, கட்டிலைக் காட்டினார்.

ராக்கப்பனின் தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. கீழுதட்டில் பல் பதிந்த தடம். போர்வைக்கு மேலே இரண்டு கைகளும் டாக்டருக்குக் காட்டியபடி விரிந்து கிடந்தன. இருந்த ஒன்பது விரலும் விறைத்து நின்றன.

“சத்தம் போடாத தாயி.” அவர் குரல் வெறும் காற்றாக வந்தது. “எனக்கு வலிக்குதுன்னா, குடுத்த ஈரல் சேரலையோன்னு தம்பி பயந்துருவான்.”

“ஈரல் நல்லாத்தான் சேந்திருக்கு, இது அறுத்த வலின்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறார்” என்றார் டாக்டர், மெதுவாக.

திரைக்கு அந்தப் பக்கம் கண்விழித்த சோணைமுத்து கூப்பிட்டான். “ஏ வேலு, அண்ணனுக்கு எத்தனையாம்?”

வேலுத்தாய் அந்த ஒன்பது விரல்களின் மேல் போர்வையை இழுத்து மூடினாள்.

“ஒண்ணுதானாம்!” என்றாள், கணீரென்று.