நிரப்பப்படாத சிலிண்டர்

"இன்னிக்குக் காத்து கிடையாது. கடை மூடியாச்சு, போடா!"

முக்குளிப்பவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் பொறுப்பிலிருந்த பெண்மணி, கம்பிரசரை நிறுத்திவிட்டு அதன் முன்னே ஸ்டூலைப் போட்டு அமர்ந்துகொண்டார். எதிரே, ஈரம் காயாத ரப்பர் உடையோடு 'மீசை' நின்றான்.

மூழ்கிய படகைத் தேடும் குழுவில் இன்னும் கடலில் இறங்கிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவனே. ஏனையோரை அவர் முன்னமே ஓய்வுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

"அக்கா, படகைக் கண்டுபிடிச்சாச்சு. உள்ள இருக்கிற உடம்பை எடுக்கிறதுதான் பாக்கி. புயல் வந்தா படகு பள்ளத்துல உருண்டுடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்காது."

"முழங்கையை நீட்டு, பார்ப்போம்."

நீட்டத் தொடங்கியவன் பாதியிலேயே முகம் சுளித்தான்.

"சிலிண்டர் தூக்கின வலிக்கா."

"தோளைச் சொறியிறியே, அதுவும் சிலிண்டரா?"

"ரப்பர் உரசல். இறங்கலாம்னுதான் என் கைமீட்டர் காட்டுது."

"மீட்டருக்கு மூட்டு இருக்கா, வலிக்க? தினம் தினம் இறங்குற. ரத்தத்துல தங்கின வாயு முழுசா வெளியேறுறதுக்குள்ள மறுபடி இறங்குற. மேல வரும்போது சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கிடும். அப்புறம் அந்த மீசையை முறுக்கக்கூட நீ ஆள் வைக்கணும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தலை குனிந்தவாறே சொன்னான்:

"காத்திருக்கிறவங்க முகத்தைப் பார்க்கக் கூசுதுக்கா."

"பார்க்காதே. படு."

ஆக்சிஜன் முகமூடியைத் தம் கையாலேயே அவனுக்கு மாட்டிவிட்டு, மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்.

விரைந்து வந்த மருத்துவர், அவனுடைய கைகால்களை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ரத்தத்துல பொங்கின வாயு அடங்க, உடனே அழுத்த அறைக்குக் கொண்டுபோகணும். பயப்படாதீங்க, பிழைச்சுக்குவார். இன்னொரு தடவை இறங்கியிருந்தா காலே விளங்காமப் போயிருக்கும். எத்தனையோ குழுக்களைப் பார்த்திருக்கேன்மா. 'இன்னும் ஒரே தடவை'ன்னு இறக்கிவிடறவங்கதான் அதிகம். உங்க நெஞ்சுறுதி யாருக்கும் வராது."

அப்பெண்மணி சன்னல் பக்கம் திரும்பினார். சன்னலுக்கு வெளியே, கடலின்மேல் மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது.

"ஆமா, அந்தப் படகுல இருக்கிறது யாரு?" மருத்துவர் பெட்டியை மூடியபடி கேட்டார்.

மீசை சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடலிலிருந்து கண்ணெடுக்காமல் அவர் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர், டாக்டர்."