தூக்கணாங்குருவி அடுக்கிய கட்டைகள்

மரத்தடியில் யாரோ மறந்துவிட்டுப் போன செல்போன் திரையில், மேலிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

"இடுக்கு இல்லாம அடுக்கணும், அவ்வளவுதான் விளையாட்டு அண்ணே," என்றது அணில்.

தூக்கணாங்குருவிக்குக் கட்டுவதைச் சொல்லியா தர வேண்டும்? அலகால் தட்டித் தட்டி ஒரு வரிசையைக் கச்சிதமாக நிரப்பியது. வரிசை பளிச்சென்று மின்னி மறைந்தது.

"ஐயோ, திருட்டு!" என்று அலறியது குருவி.

"மறைஞ்சாத்தான் ஜெயிக்க முடியும் அண்ணே."

"போடா! கட்டினவனுக்குத்தான் அந்த வலி தெரியும்."

அதிலிருந்து குருவி உஷாராகிவிட்டது. ஒவ்வொரு வரிசையிலும் வேண்டுமென்றே ஓர் ஓட்டை விட்டது. எதுவும் மறையவில்லை. கட்டைகள் மளமளவென்று உச்சியைத் தொட்டதும் ஆட்டம் நின்றுபோனது.

"தோத்துட்டீங்களே அண்ணே!"

குருவி நெஞ்சை நிமிர்த்தியது. "தோத்தா தோத்துட்டுப் போறேன். அதுக்கப்புறம் ஒரு கட்டை போச்சா, சொல்லு!"