கதிரவன் அசையவில்லை

முதுகுக்குப் பின்னால் இரும்பு பீரோவின் கதவு படாரென்று அறைந்தது. கதிரவன் இமையைக்கூட அசைக்கவில்லை. சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த தாட்சாயிணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவை அறைந்த அலுவலக உதவியாளர் சிங்காரம், அவன் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

காது கேளாதோர் ஒதுக்கீட்டில் அவனுக்கு அரசு வேலை கிடைத்திருந்தது. அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று கையெழுத்தில்லாத மனு ஒன்றும் கூடவே வந்திருந்தது. அதை விசாரிக்கத்தான் செவித்திறன் நிபுணரான தாட்சாயிணி அண்ணாமலை நகரிலிருந்து காலை பஸ்ஸில் கடலூர் வந்திருந்தாள். மாலை நான்கு மணிக்கு நியமனப் பட்டியல் போய்விடும். அதற்குள் உண்மை என்றோ பொய் என்றோ அவள் எழுதியாக வேண்டும்.

அவனுடைய இரண்டு காதுகளிலும் கருவிகள் இருந்தன. உள்ளே வந்ததுமே தீப்பெட்டி அளவில் ஒரு மைக்கை எடுத்து அவளிடம் நீட்டியிருந்தான்.

“இத கழுத்துல மாட்டிக்கிட்டுப் பேசுங்க மேடம். அப்பதான் எனக்குத் தெளிவா கேக்கும்.”

அது அவளுக்குப் புதிதல்ல. எத்தனையோ ஆசிரியர்களின் கழுத்தில் அவளே மாட்டிவிட்டிருக்கிறாள். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி முணுமுணுத்தாலும் போதும். ஒயர் எதுவும் இல்லாமலே, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினாலும்கூட, கடைசி பெஞ்சுப் பிள்ளையின் காதுக்கருவிக்குள் குரல் போய்ச் சேர்ந்துவிடும்.

மைக்கைக் கழுத்தில் மாட்டினாள். உதட்டசைவு தெரியாதபடி வாயை மேஜை மேலிருந்த ஒரு ஃபைலால் மறைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டாள்.

“மைக் நல்லா வேலை செய்யுதா?”

“சூப்பரா கேக்குது மேடம்.”

“ஊர் எது?”

“புவனகிரி பக்கம்.”

“குழந்தை இருக்கா?”

“பொண்ணு மேடம். நாப்பது நாள் ஆவுது. வெளிய அவுங்கம்மாகிட்ட இருக்குது.”

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் தாட்சாயிணியின் பேனா நகரவில்லை.

போன வருடம் இதே நாற்காலியில் முத்தம்மாள் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டபோது திரும்பிவிட்டாள் என்பதற்காக, ‘சந்தேகம்’ என்று தாட்சாயிணி எழுதினாள். தரையின் அதிர்வு தெரிந்துதான் திரும்பியிருக்கிறாள், உண்மையில் அவளுக்கு எதுவுமே கேட்காது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் வேலை வேறொருவருக்குப் போயிருந்தது.

அன்றிலிருந்து தாட்சாயிணி பயந்தது மற்றவர்களின் பொய்க்கு அல்ல. தனக்குள் அத்தனை சுலபமாக முளைத்துவிடும் சந்தேகத்துக்குத்தான்.

“கையெழுத்தப் போட்டு அனுப்புங்க மேடம். மொட்ட பெட்டிஷன் போடுறவனுங்களுக்கு வேற பொழப்பு ஏது?” என்றார் சிங்காரம்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

“இன்னுமா? பீரோவயே ஒடச்சிட்டேன். அடுத்து யான வெடி வாங்கியாரவா?”

அவள் சிரிக்கவில்லை. துண்டுத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தாள். ‘நான் உள்ளே போய் அவரை எழுந்திருக்கச் சொல்வேன். எழுந்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.’ சிங்காரம் படித்துவிட்டுக் கண்ணடித்தார்.

“இங்கயே இருங்க, வந்துடறேன்” என்றாள் கதிரவனிடம். அவன் பணிவாகத் தலையாட்டினான்.

நடுவில் ஓர் அறையைத் தாண்டி, ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பழைய கட்டடம், தடித்த சுவர். ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன்கூட அங்கே எட்டவில்லை.

நாற்பது நாள் குழந்தை நினைவுக்கு வந்தது. அடுத்து முத்தம்மாளின் முகம். இந்த முறையாவது என் சந்தேகம் தோற்றுப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மைக்கை வாய்க்கருகே தூக்கிப் பிடித்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“கதிரவன், எழுந்திருங்க.”

பத்து வரை எண்ணினாள்.

“வெளிய உங்க பொண்ணு அழுவுது. போய்ப் பாருங்க.”

மீண்டும் பத்து.

“எழுந்திருங்க கதிரவன். ப்ளீஸ்.”

அவன் காதோடு காதாகக் கெஞ்சுவதுபோல்தான் இருந்தது அந்தக் கடைசிச் சொல்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நடு அறையிலேயே சிங்காரம் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார்.

“ஆடல, அசையல மேடம். புடிச்சு வெச்ச புள்ளையாராட்டம் ஒக்காந்திருக்காரு. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தகூட அவரு காதுல வுழல. இப்பவாவது நம்புறீங்களா?”

தாட்சாயிணி சுவரில் சாய்ந்துகொண்டாள். காதுக்கருவியில் கேட்கும் என்று அவனே தந்த மைக்கைத் தூக்கிக் காட்டினாள்.

“காது கேக்காதவரா இருந்தா, முதல் தடவையே எழுந்திருப்பாரு சிங்காரம்.”