அவள் பேரில் ஓடிய இணைப்பு

இணைப்பு பாதியில் அறுந்தது.

திரையில் நகர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு நின்றுவிட்டது.

நாற்காலிக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். பிடரியில் மூச்சு விட்டால்தான் வேலை நடக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் சி.ஆர்.எம். மென்பொருளுக்குள் இருந்தார்கள். அதற்குள் என்னென்ன விவரம் எந்தெந்தத் தலைப்பில் கிடக்கிறது என்று பட்டியல் போட ஒரு மெட்டாடேட்டா கருவி வாங்கியிருந்தார்கள். அது தலைப்புகளை மட்டும் படிக்க வேண்டும், ஆட்களைத் தொடக் கூடாது. அப்படியொரு பாதையைப் பூட்டோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

பூட்டு விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். ஆபீசில் அவள் பெயரே பூட்டுக்காரி.

இதை முடித்தால் காண்ட்ராக்டிலிருந்து நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பி அக்காவிடம் வேறு உளறிவிட்டாள். அக்காவிடம் சொன்னால் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் சொன்ன மாதிரி.

முகவரியைச் சரிபார்த்தாள். சரி.

இணைப்புக்கான பாதுகாப்பு சர்டிபிகேட்டைப் பார்த்தாள். காலையில் தகராறு செய்து மத்தியானத்துக்கு மேல் இழுத்தடித்த சனியன் அதுதான். இப்போது அதுவும் சரி.

பின்னால் மேனேஜரின் செருப்பு தரையைத் தட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் இதை மேலிடத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

கருவி உள்ளே நுழையத் தனியாக ஒரு லாகின் கணக்கு வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். வரவில்லை. இப்போதைக்கு உன் பேரிலேயே போட்டுத் தொலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கருவி ஆள் பேரில் ஓடுவது ஆபத்து என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஆபீஸ் ஆட்களின் லாகின் கணக்குகளைத் திறந்து மூடும் மேல்மாடி அண்ணனுக்கு மட்டும் அக்கறை இருந்தது. காலையில் மாடிப்படியில் அவளை நிறுத்தி விசாரித்தார்.

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமாம்மா?"

முடிந்துவிடும் அண்ணா என்று தெம்பாகச் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றுவிட்டு, தலையைக் குனிந்தபடி மேலே ஏறிப் போனார். இந்த ஆபீசில் நமக்காகக் கவலைப்பட ஒருவராவது இருக்கிறாரே என்று அவளுக்கு மனசு நிறைந்தது.

இன்னொரு முறை இணைப்பைத் தட்டினாள்.

இந்த முறை காரணம் வந்தது. இந்தப் பயனரின் கணக்கு மூடப்பட்டுள்ளது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, தப்பு தன்மேல் இல்லை. யாரோ தெரியாமல் என் கணக்கை மூடிவிட்டார்கள் சார், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் திறந்துவிடுவார் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. போனை எடுத்து மேல்மாடிக்கு அடித்தார். மேலிடம் காத்திருக்கிற பதற்றத்தில் அவருக்கு எதிரில் இருப்பது யார் என்பதே மறந்துபோனது.

"அவளை இன்னைக்கு வேலையவிட்டுத் தூக்கச் சொன்னேன்தான்யா, அதுக்காக? வேலைய முடிச்சிட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு மூட மாட்டியா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட்டார். அண்ணன் கேட்கத்தான் செய்தார்.